கல்லில் நின்ற ஆடலும் காலில் நிற்கும் ஆடலும்: வாசகர் கேள்விகள்

தஞ்சைப் பெரிய கோயிலின் கரணச் சிற்பங்களை (நாட்டிய சாஸ்திரம் வகுத்த 108 ஆடல் அசைவுகளைக் காட்டுபவை) கணினிவழிப் பதிவு செய்வது பற்றிச் சென்ற இதழில் எழுதிய குறிப்பைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் எட்டுக்கு இங்கே பதில் அளிக்கிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: பெரிய கோயிலின் கரணச் சிற்பங்களுக்கு ஏற்கெனவே நல்ல ஒளிப்படங்கள் நூல்களில் வந்துள்ளன. அவற்றைப் பார்த்தே என் மாணவியருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மறுபடியும் முப்பரிமாணப் பதிவு என்று பொருளும் உழைப்பும் செலவிட வேண்டுமா?
— நாட்டிய ஆசிரியை, கும்பகோணம்

பதில்: செலவிடத்தான் வேண்டும். அதற்கு முதல் கரணமே சான்று. நாட்டிய சாஸ்திரத்தின் நான்காம் அத்தியாயம் தலபுஷ்பபுடம் என்ற கரணத்தை மூன்று குறிப்புகளால் வரையறுத்துவிடுகிறது. பூவை ஏந்துவதுபோல் குவிந்த கைகள் இடப்பக்கம் இருக்க வேண்டும். பாதம் அக்ரதலசஞ்சரமாக, அதாவது குதிகால் எழும்பி முன்பாதம் ஊன்றி இருக்க வேண்டும். விலா சன்னதமாக, அதாவது ஒருபுறம் தாழ்ந்து வளைந்திருக்க வேண்டும். சிற்பத்துக்கு நேர் எதிரே நின்று எடுத்த படத்தில் இவற்றுள் கைகள் மட்டுமே ஐயமின்றித் தெரியும். குதிகாலுக்குக் கீழே சிற்பி எவ்வளவு இடைவெளி விட்டார், இடுப்பு எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது, மார்பு நம்மை நோக்கியிருக்கிறதா அல்லது சற்றே திரும்பியிருக்கிறதா என்பவற்றை அந்தப் படத்திலிருந்து ஊகிக்கத்தான் முடியும். ஆடுபவருக்கு வேண்டியதோ அவைதாம். உடலின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்று தெரியாமல் ஒரு கரணத்தை ஆட முடியாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தச் சிற்பங்கள் இருப்பது விமானத்தின் உள்ளே, கருவறையைச் சுற்றிவரும் மேல்தளத்துச் சுற்றில். பின்னே நகர்ந்து நிற்க இடம் இல்லாத குறுகலான அந்தப் பாதையில் முழுச் சிற்பத்தையும் ஒரே படத்துக்குள் கொண்டுவர அகலக் கோண வில்லையைத்தான் பயன்படுத்த வேண்டியிருக்கும். அந்த வில்லை ஓரங்களை இழுத்துக் காட்டும்; அரைமண்டியின், அதாவது முழங்கால்களை வெளிப்புறம் மடித்துப் பாதி அமர்ந்த நிலையின், ஆழமே மாறித் தெரியும். அளவோடு எடுத்த முப்பரிமாணப் பதிவில் இந்தப் பிழை இல்லை. அதைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்க்கலாம், மேலிருந்தும் பார்க்கலாம், முழங்கால் மடிப்பின் கோணத்தை அளக்கவும் செய்யலாம்.

108 கரணங்களில் 81 மட்டுமே அங்கே செதுக்கப்பட்டுள்ளன. எஞ்சிய 27 இடங்களில் கற்கள் உருவம் பெறாமல் நிற்கின்றன. பதிவுக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் அந்த வெறுங்கற்களை விட்டுவிடுவார்கள். விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கல்லைச் சுவரில் வைத்த பிறகே உருவம் செதுக்கினார்கள் என்பதற்கு அவையே நேரடிச் சான்று. அவற்றின் முகப்பு எந்த அளவுக்குச் சமன் செய்யப்பட்டிருக்கிறது, உளித் தடம் எந்தத் திசையில் போகிறது என்பவை, வேலை எப்படி நடந்து எந்த நிலையில் நின்றது என்பதை ஆராய்பவருக்கு, முடிந்த சிற்பங்கள் சொல்லாத செய்திகளைச் சொல்லும்.

உங்கள் ஊரிலேயே சாரங்கபாணி கோயில் கோபுரத்தில் கரணச் சிற்பங்கள் கிரந்த எழுத்தில் பெயர் பொறிக்கப்பட்டு நிற்கின்றன. சிதம்பரத்தில் கோபுர வாயில்களின் இருமருங்கிலும் பெண் உருவங்கள் ஆடுகின்றன. அவற்றுக்குரிய நாட்டிய சாஸ்திர சுலோகங்களையும் அங்கே காணலாம். தஞ்சையிலோ நான்கு கரங்களுடன் சிவபெருமானே ஆடுகிறார். ஒரே கரணத்தை மூன்று ஊர்ச் சிற்பிகள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதை ஒரு திரையில் அடுத்தடுத்து வைத்து ஒரே நேரத்தில் திருப்பிப் பார்க்கும் வசதியை எந்த நூலாலும் தர இயலாது. கரணம் என்பது உறைந்த நிலை அன்று, கையும் காலும் சேர்ந்து நிகழ்த்தும் இயக்கம் என்று நாட்டியக் கலைஞரும் ஆய்வாளருமான பத்மா சுப்ரமணியம் தம் ஆய்வின் வழியே வலியுறுத்தினார். ஒரே இயக்கத்தின் தொடக்கத்தை ஒரு சிற்பியும் முடிவை மற்றொரு சிற்பியும் செதுக்கியிருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்த்தால், மூன்றையும் அருகருகே வைக்க வேண்டியதன் தேவை விளங்கும்.

கேள்வி: நாங்கள் பொறியியல் மாணவர்கள் ஐந்து பேர். எங்களிடம் ஒரு டிஎஸ்எல்ஆர் கேமராவும் செல்போன்களும் உள்ளன. லேசர் ஸ்கேனர் இல்லை. எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் தூண்தோறும் ஆடல் சிற்பங்கள் இருக்கின்றன. எங்களால் ஒழுங்கான பதிவு செய்ய முடியுமா?
— மாணவர்கள், திருச்சிராப்பள்ளி

பதில்: முடியும். முழுக் கட்டடத்தையும் அளக்கத்தான் லேசர் கருவி இன்றியமையாதது. பாரிசின் நோத்ர தாம் பேராலயத்தை ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாசிரியர் 2010இல் லேசரால் அளந்து வைத்திருந்தார். 2019 ஏப்ரலில் கூரை எரிந்து விழுந்த பிறகு அந்த அளவுகள் மறுகட்டுமானத்துக்குக் கைகொடுத்தன. ஆனால் தனிச் சிற்பங்களுக்கு ஒளிப்பட அளவியலே போதும். நுண்மையில் பல நேரம் அதுவே மேல்.

அதன் அடிப்படை எளியது. ஒரே சிற்பத்தைப் பல இடங்களிலிருந்து படம் எடுத்தால், படங்களில் பொதுவாக உள்ள புள்ளிகளை மென்பொருள் கண்டுபிடித்து, எந்தப் படம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று கணக்கிட்டு, அதிலிருந்து உருவத்தின் வடிவத்தை எழுப்பும். ஆகவே ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நூற்றுக்கு எழுபது பங்காவது பொதுப்பரப்பு இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றுகொண்டு கேமராவை மட்டும் திருப்பினால் பயனில்லை. நீங்கள் அடி அடியாக நகர வேண்டும். கண் மட்டத்தில் ஒரு சுற்று, முழங்கால் உயரத்தில் ஒரு சுற்று, ஏணியோ நீண்ட கோலோ வைத்து மேலிருந்து ஒரு சுற்று என்று எடுத்தால் ஆள் உயரத் தூண் ஒன்றுக்கு நூறு முதல் இருநூறு படங்கள் ஆகும். பெரிதாக்கும் வளையத்தைத் தொடாதீர்கள். ஒரு குவியத் தூரத்தில் தொடங்கினால் அதிலேயே முடியுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். முக்காலியில் வைத்து மெதுவான வேகத்தில் எடுங்கள். ஜேபெக் கோப்போடு கேமராவின் மூலக் கோப்பையும் (RAW) சேமியுங்கள். மெஷ்ரூம் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

மாணவர்கள் அதிகம் தவறும் இடம் அளவுகோல். சிற்பத்தின் அருகே நீளம் தெரிந்த இரண்டு கோல்களை, ஒன்று கிடையாகவும் ஒன்று நெடுக்காகவும், வைத்து எடுக்காவிட்டால் உங்களிடம் அழகான உருவம் இருக்கும், ஆனால் அதன் உயரம் ஒரு முழமா ஓர் ஆளா என்று யாராலும் சொல்ல முடியாது. நிற அட்டை ஒன்றையும் ஒரு படத்திலாவது சேர்த்துவிடுங்கள்.

கை எட்டும் உயரத்தில் உள்ள சிற்பங்களில் எண்ணெயும் குங்குமமும் படிந்து கல் பளபளக்கும். அந்தப் பளபளப்பு நீங்கள் நகரும்போது தானும் நகர்வதால் மென்பொருள் குழம்பி, முகத்தில் பள்ளம் விழுந்ததுபோல் உருவத்தை எழுப்பிவிடும். அதற்காகத் துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்காதீர்கள். அது உங்கள் உரிமையும் அன்று, கல்லுக்கும் தீங்கு. விளக்குக்கும் வில்லைக்கும் துருவ வடிகட்டி போட்டு எடுத்தால் பளபளப்பு அடங்கும்.

காலம் பற்றியும் ஒரு சொல். உங்கள் கோயிலில் குடமுழுக்குத் திருப்பணி பேச்சு எழுந்திருந்தால் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு, பாலாலயம் (திருப்பணிக்காகத் தெய்வத்தைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் சடங்கு) நடப்பதற்கு முன் பதிவை முடித்துவிடுங்கள். சுண்ணாம்பு, வண்ணப்பூச்சு, புதுத் தளம், மணல் வீச்சு ஆகியவற்றால் மழுங்கிப்போன எழுத்துகளும் விரல் நுனிகளும் நம் கோயில்களில் கொஞ்சமல்ல.

கேள்வி: அனுமதி யாரிடம் பெற வேண்டும்? செல்போனுக்கே தடை என்கிறார்களே?
— வாசகர், விருத்தாசலம்

பதில்: மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில் என்றால் அத்துறையின் வட்ட அலுவலகத்திலும், இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் உள்ள கோயில் என்றால் செயல் அலுவலர் வழியாகவும் எழுத்தில் விண்ணப்பியுங்கள். பெரிய கோயில் போன்ற இடங்களில் இரு தரப்பையும் அணுக வேண்டியிருக்கும். தமிழகக் கோயில்களுக்குள் செல்போன் கொண்டுசெல்லத் தடை விதிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. ஆகவே வாய்மொழி இசைவை நம்பிப் போகாதீர்கள். முக்காலி, விளக்கு, ட்ரோன் ஒவ்வொன்றையும் விண்ணப்பத்தில் தனித்தனியே குறிப்பிடுங்கள்; ட்ரோனுக்கு 2021ஆம் ஆண்டு விதிகளும் பொருந்தும். கருவறையையும் மூலவரையும் படம் எடுக்க மாட்டோம் என்று முதல் வரியிலேயே நீங்களாக எழுதிவிட்டால் மற்றப் பேச்சு எளிதாகும். பதிவின் ஒரு படியைக் கோயிலுக்கே தருவதாகவும் எழுதுங்கள். எழுதியபடி தரவும் வேண்டும்.

கேள்வி: இராசராசன் காலத்துத் தளிச்சேரிப் பெண்டுகள் (கோயிலை ஒட்டிய குடியிருப்பில் வாழ்ந்த கோயிற் பெண்கள்) பற்றிய கல்வெட்டைக் கணினித் தரவாக மாற்ற விரும்புகிறேன். எந்த முறையில் செய்வது?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மயிலாடுதுறை

பதில்: ஐயா, நீங்கள் தேர்ந்த கல்வெட்டே ஒரு தரவுத்தளம்தான் என்பதால் உங்கள் வேலையில் பாதியை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே செய்து வைத்திருக்கிறார்கள். சோழ நாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட 400 பெண்களை அது வரிசைப்படுத்துகிறது. எந்தத் தளிச்சேரி, எந்தச் சிறகு (தெருவின் வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, முன்பு எந்த ஊரில் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர், பெயர் என்ன என்ற ஒழுங்கு பெரும்பாலும் மாறுவதில்லை. நக்கன் எடுத்தபாதம் என்று ஒரு பெயர் வரும்போது, தூக்கிய திருவடியையே பெண்ணுக்குப் பெயராக வைத்தார்களே என்று கை ஒரு கணம் நின்றுவிடும். ஒவ்வொரு பங்குக்கும் நூறு கலம் நெல். அதை அளந்த மரக்காலின் பெயர் ஆடவல்லான். பங்கு பெற்றவர் இறந்தாலோ வேறிடம் சென்றாலோ அவர்களுக்கு நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும், அவருக்குத் தகுதி இல்லையேல் தக்கவரைத் தேர்ந்து நிறுத்த வேண்டும் என்ற ஏற்பாடும் அதிலேயே இருக்கிறது.

தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் பதிப்பித்த பாடத்தை அடிப்படையாகக் கொள்ளுங்கள். கல்லில் உள்ள எழுத்துக்கூட்டலை ஒரு நிரலிலும், இன்றைய வழக்குக்கு மாற்றிய வடிவத்தை வேறொரு நிரலிலும் வையுங்கள். தானும் தன் அக்கனும் தன் பெண்டுகளும் பிறரும் ‘குடுத்தன’ எல்லாவற்றையும் விமானத்துக் கல்லில் வெட்டுமாறு அரசன் ஆணையிட்டதாகக் கல்வெட்டு சொல்கிறது. அந்தக் ‘குடுத்தன’வைக் ‘கொடுத்தன’ என்று திருத்திவிட்டால், அக்காலப் பேச்சின் ஒலியை நீங்கள் துடைத்துவிட்டீர்கள் என்று பொருள். கிரந்த எழுத்துகளுக்கு 2014 முதல் ஒருங்குறியில் தனி இடம் உண்டு. அவற்றைத் தமிழ் எழுத்தாக மாற்றித் தட்டச்சு செய்ய வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை.

ஓர் எச்சரிக்கை. ‘பணி’ என்று ஒரு நிரல் அமைத்து, 400 பெயருக்கும் எதிரே ‘நடனம்’ என்று நிரப்பிவிடாதீர்கள். நட்டுவம் செய்வோர், பாடுவோர், கருவி வாசிப்போர் என்று பிறருக்குப் பணியைச் சொல்லும் கல்வெட்டு, இந்தப் பெண்கள் ஒவ்வொருவரும் செய்த பணி இன்னது என்று பெயருக்குப் பெயர் சொல்லவில்லை. ஆடினார்கள் என்பது நாம் கொள்ளும் முடிவு. நியாயமான முடிவாகவும் இருக்கலாம். ஆனால் முடிவைத் தரவு நிரலில் எழுதினால், பத்து ஆண்டுக்குப் பின் அதைத் திறப்பவர் கல்லே சொன்னதாக எடுத்துக்கொள்வார். அந்த நிரல் வெறுமையாகவே இருக்கட்டும்.

முன்னிருந்த ஊர்களை நிலப்படத்தில் குறித்துப் பாருங்கள். திருவாரூர், பழையாறு, திருவையாறு என்று புள்ளிகள் திரளத் திரள, காவிரிப் படுகையின் கலைஞர்கள் எங்கெங்கே வாழ்ந்தார்கள் என்பது கண்முன் எழும். எழுத்து தேய்ந்த இடங்களில் கேமராவை அசையாமல் நிறுத்தி, பளபளப்பான ஒரு சிறு கருங்கோளத்தைச் சட்டகத்தின் ஓரத்தில் வைத்து, விளக்கை மட்டும் ஐம்பது திசைகளிலிருந்து மாற்றிக் காட்டி எடுக்கும் ஒளிமாற்றப் பதிவு முறை பயன்படும். பிறகு திரையில் வெளிச்சத்தை வேண்டிய பக்கம் சாய்க்கும்போது, மைப்படியில் (கல்லின் மேல் தாளை ஒற்றி மையால் எடுத்த படியில்) தெரியாத கீற்றும் சில நேரம் எழுந்து தெரியும்.

கேள்வி: கோயில் சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் இப்படிப் படம் எடுத்து இணையத்தில் இட்டால் திருடர்களுக்கு வழிகாட்டியதாகாதா?
— வாசகி, அரியலூர்

பதில்: உங்கள் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசரே இதற்குப் பதில். கோயிலிலிருந்து களவுபோய் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் வரை சென்ற அத்திருமேனி 2014இல் நாடு திரும்பியது. அது அந்தக் கோயிலுடையதே என்று காட்டப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் சேகரிப்பில் இருந்த பழைய ஒளிப்படம் உதவியது. அந்நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களில் எடுத்துச் சேர்த்த படங்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவை. படம் இல்லாத திருமேனி களவுபோனால் உரிமை கேட்கவே வழி இருக்காது.

இராசராசனின் கல்வெட்டுகளே, கோயிலுக்கு அளித்த செப்புத் திருமேனிகளைப் பாதம் முதல் கேசம் வரை இத்தனை முழம், இத்தனை விரல் என்றும், எத்தனை கரங்கள், பீடம் எப்படிப்பட்டது என்றும் விவரிக்கின்றன. ஆனால் உங்கள் அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. திருமேனி இரவில் எந்த அறையில் வைக்கப்படுகிறது, பூட்டு எப்படிப்பட்டது, சன்னல் எங்கே இருக்கிறது என்பவை தெரியும் படங்களைப் பொதுவெளியில் இடாதீர்கள். உருவம் பொதுவில் இருக்கட்டும். இருப்பிடம் கோயிலாரிடமும் காவல் துறையிடமும் இருக்கட்டும்.

கேள்வி: ஆடலைப் பதிய மோஷன் கேப்சர் முறையே சிறந்தது என்கிறார்கள். எங்கள் நாட்டியப் பள்ளியில் அதற்கு நிதி திரட்டலாமா?
— நாட்டியப் பள்ளி நிர்வாகி, சென்னை

பதில்: நிதி திரட்டுவதற்கு முன், எதைப் பதியப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். உடலின் மூட்டுகளில் குறிகளை ஒட்டி அவற்றின் அசைவைப் பல கேமராக்களால் பின்தொடரும் அந்த முறை, அடவுகளுக்கு, அதாவது பரதநாட்டியத்தின் அடிப்படை அசைவுகளுக்கு, மிகவும் ஏற்றது. நாட்டடவில் கால் எவ்வளவு தூரம் நீள்கிறது, குதித்துமெட்டில் குதிகால் எந்தக் கணத்தில் இறங்குகிறது, மூன்றாம் காலத்தில் (வேகத்தில்) அரைமண்டி எத்தனை விரற்கடை உயர்ந்துவிடுகிறது என்பவற்றை அது எண்ணாகவே தரும். பந்தநல்லூர், வழுவூர்ப் பாணிகளை ஒப்பிட விரும்புவோருக்கு அது பெரிய கொடை.

அபிநயத்துக்கு அது போதாது. ஒரு பதத்தில் (அபிநயத்துக்குரிய பாடலில்) நாயகி விழியைத் தாழ்த்துவதும், கீழுதடு இறுகுவதும், அலபத்ம முத்திரையில் சுண்டுவிரல் கடைசியாக மலர்வதும் தனிக் கருவிகள் இன்றி அதில் சிக்குவதில்லை. உடலில் குறிகளும் இறுக்கமான உடையுமாக நிற்கும் மூத்த கலைஞர் தம் இயல்பில் ஆடுவார் என்று எதிர்பார்ப்பதும் கடினம்.

என் யோசனை எளியது. மூன்று கேமராக்கள் போதும்: முன்னால் முழு உருவத்துக்கு ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பாதங்களுக்கு மட்டும் ஒன்று. ஆடலைத் தாளத்தோடு வழிநடத்தும் நட்டுவாங்கத்துக்குத் தனி ஒலிவாங்கி வையுங்கள். தட்டுக்கழியின் ஓசையும் சொற்கட்டும் சலங்கையோடு கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. ஒவ்வோர் அடவையும் மூன்று காலத்திலும் ஆடச் செய்து, ஆடி முடித்தவுடன், மூச்சு வாங்கும்போதே, அந்த அடவை யாரிடம் எப்படிக் கற்றார் என்று பேசச் சொல்லிப் பதியுங்கள். தவறிய இடங்களையும் வெட்டாமல் வையுங்கள். அடவுக்கு உங்கள் ஆசிரியர் வழங்கிய பெயர் எதுவோ அதையே எழுதுங்கள். நூல் பெயரைத் தேடி மாற்றாதீர்கள். தஞ்சையை ஆண்ட துளஜா மன்னர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய சங்கீத சாராமிருதம் அடவுகளை வடமொழிப் பெயரோடு வட்டார வழக்குப் பெயரையும் சேர்த்தே குறித்து வைத்ததால்தான், இன்றைய வகுப்பறையின் அடவு அன்றும் இருந்ததா என்று நம்மால் தேட முடிகிறது.

கேள்வி: என் பாட்டிக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. அவருடைய தாயார் கோயிலில் ஆடியவர். பாட்டிக்குப் பதங்களும் சில ஜதிகளும் தெரியும். வீட்டில் பழைய நட்டுவாங்க நோட்டுகளும் இருக்கின்றன. ஆனால் கேமராவைக் கண்டாலே பாட்டி உள்ளே போய்விடுகிறார். குடும்பத்திலும் சிலருக்கு விருப்பமில்லை. என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் நான் பலமுறை படித்தது உங்களுடையதைத்தான்.

1947இல் சென்னை மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் கோயிலில் ஆடிய குடும்பங்களின் பெண்கள் கேட்ட பழிச்சொற்களை உங்கள் பாட்டி சிறுமியாக இருந்து கேட்டிருப்பார். அதே காலத்தில், அவர்கள் வீட்டுக் கலை வேறு மேடைகளுக்குச் சென்று புகழ் பெற்றதையும் பார்த்திருப்பார். கேமராவைக் கண்டு அவர் எழுந்து போவதற்குக் காரணம் இருக்கிறது. முதலில் அந்தக் காரணத்தை மதியுங்கள். பதிவு அவருக்குப் பின்புதான்.

கேமராவை எடுத்து வைத்துவிடுங்கள். வேலை நடக்கும் நேரத்தில், கீரை ஆயும்போதோ பூத் தொடுக்கும்போதோ, அவர் தானாகப் பாடினால் கேளுங்கள். சில நாள் கழித்து, ஒலியை மட்டும் பதியலாமா, அது நம் வீட்டிலேயே இருக்கும் என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டால், யார் கேட்கலாம் என்பதையும் அவரையே சொல்லச் செய்யுங்கள்: குடும்பத்தார் மட்டுமா, நாட்டியம் கற்பவர்களுமா, எல்லோருமா? பெயர் சொல்லலாமா, ஊர் சொல்லலாமா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விடை வரும். நாளை மனம் மாறினால் அதையும் ஏற்க வேண்டும். சட்டமும் அவர் பக்கம் நிற்கிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவுப்படி நிகழ்த்துநருக்குத் தம் நிகழ்த்தலின் மீது 50 ஆண்டு உரிமை உண்டு. சிதைத்து வெளியிடப்படுவதை எதிர்க்கும் உரிமையை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. ஆராய்ச்சியாளர் யாரேனும் வந்து ஒரே கையெழுத்தில் எல்லா உரிமையையும் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அவர் ஒருநாள் கேமராவுக்கும் ஒப்புக்கொண்டால், நான் செய்த பிழையை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மூதாட்டி பதம் பாடியதைப் பதிந்தேன். முகபாவத்தில் மயங்கி முகத்தை மட்டுமே சட்டகத்தில் வைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான், அவர் பாட்டு முழுவதும் மடியில் விரல்களால் தாளம் எண்ணிக்கொண்டும், இடையிடையே முழங்கை உயராமல் முத்திரைகளைத் தொட்டுக் காட்டிக்கொண்டும் இருந்தது நினைவுக்கு வந்தது. படத்தில் தோளின் சிறு அசைவைத் தவிர வேறெதுவும் இல்லை. மீண்டும் சென்றபோது அவரால் உட்கார்ந்து பாட முடியவில்லை. அந்தப் பதத்துக்கு அவர் பிடித்த கைகள் எவை என்று இன்று சொல்வதற்கு ஆளில்லை. மடி தெரியும்படி சட்டகத்தை வையுங்கள்.

நோட்டுகளுக்கு லேமினேஷன் செய்யாதீர்கள். செல்லோ டேப்பும் ஒட்டாதீர்கள். இரண்டும் தாளைக் கெடுக்கும். சன்னல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து, அட்டை முதல் அட்டை வரை ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். வெறும் பக்கத்தையும், பால் கணக்கு எழுதிய பக்கத்தையும் விடாதீர்கள். ஒரு நட்டுவனார் வீட்டு நோட்டில் ஒருபுறம் ஜதியின் முடிப்பான தீர்மானமும் மறுபுறம் நெல் விற்ற கணக்கும் இருந்தன. தீர்மானத்துக்குத் தேதி இல்லை. நெல் கணக்குக்கு இருந்தது. அந்தக் கணக்குதான் ஜதி எழுதிய காலத்தை ஏறத்தாழ உறுதி செய்ய உதவியது.

இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய இயலாவிட்டால் நோட்டுகளை ஒதுக்கிவைத்துவிட்டுப் பாட்டியோடு உட்காருங்கள். கோயிலையும் சிற்பத்தையும் பதியத் திட்டமிடும் அமைப்புகளிடமும் நான் இதையே கேட்டுக்கொள்கிறேன்: ஊரில் இன்னும் இருக்கும் முதியவர்களிடம் முதலில் செல்லுங்கள், கல்லுக்கு அடுத்த ஆண்டு வரை பொறுமை இருக்கிறது.

கேள்வி: பத்து ஆண்டுகளாக எடுத்த கோயில் படங்களும் நாட்டியக் காணொளிகளும் நான்கு ஹார்டு டிஸ்குகளில் உள்ளன. ஒன்று இப்போது திறக்கவில்லை. எப்படிப் பாதுகாப்பது?
— ஒளிப்படக் கலைஞர், காரைக்குடி

பதில்: திறக்காத வட்டை நீங்களே தட்டியும் சூடாக்கியும் பார்க்காமல் தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். மற்றவற்றுக்கு இன்றே மூன்று படிகள் எடுங்கள். இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில் இருக்கட்டும், ஒரு படி வேறு ஊரில் இருக்கட்டும்.

அடுத்தது பெயரிடல். ஓர் அமைப்பில் நூற்றுக்கு மேற்பட்ட டிவிடிகளைக் கண்டேன். உறைகளில் ‘புரோகிராம் 1’, ‘புரோகிராம் 2’ என்று மட்டும் எழுதியிருந்தது. ஆடியவர் யார், ஊர் எது, நாள் எது, நட்டுவாங்கம் செய்தவர் யார் என்று சொல்லக்கூடியவர் ஒருவரும் அங்கே இப்போது இல்லை. கேமரா வைத்த எண்ணை அப்படியே விடாமல், ஊர், கோயில், இடம், வரிசை எண், நாள் ஆகியவை கோப்பின் பெயரிலேயே வருமாறு மாற்றுங்கள். ஒவ்வொரு கோப்புறையிலும் எளிய உரைக் கோப்பு ஒன்றை ஒருங்குறித் தமிழில் எழுதி வையுங்கள். யார் எடுத்தது, யார் இசைவு தந்தது, எந்தத் திசையிலிருந்து எடுத்தது, எதைப் பற்றி ஐயம் உள்ளது என்பவை அதில் இருக்கட்டும். முப்பரிமாண உருவத்தைச் சேமித்தால் அதற்கு மூலமான படங்களையும் உடன் சேமியுங்கள். மென்பொருள் மேம்படும்போது அதே படங்களிலிருந்து இன்னும் துல்லியமான உருவத்தை எழுப்பலாம்.

பொதுவில் தரத்தக்கவற்றை விக்கிமீடியா பொதுவகத்தில் இடலாம். மற்றவற்றை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற நிறுவனங்களிடம் பேசிப் பாருங்கள். உங்கள் வீட்டிலிருக்கும் படிகளை ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். ஆயுத பூசையன்று கேமராவையும் கணினியையும் துடைத்துப் பொட்டு வைப்பீர்கள் அல்லவா, அன்று ஒவ்வொரு வட்டிலும் இருபது கோப்புகளையாவது திறந்து பாருங்கள். திறக்காததை மற்றொரு படியிலிருந்து அன்றே எடுத்து மாற்றிவிடுங்கள்.